யார், யாரோடு, எப்போது? – ஐரோப்பாவில் தகவல்தொடர்பு அந்தரங்கத்திற்கான சட்டப் போராட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அகத்திணை மரபில் ஒரு விதி உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடும் புலவன், காதலர் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கே இயங்கும். உள்ளத்தில் நிகழும் அனைத்தையும் பாடலாம். அந்த உள்ளம் இன்னாருடையது என்று காட்டலாகாது. காட்டினால் பாடல் அகம் என்னும் தகுதியை இழந்து புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும், வேலின் தலையில் கட்டிய வேம்பு என்னும் ஒரே குறிப்பு அவனை அடையாளம் காட்டிவிட்டது என்று கருதிய நச்சினார்க்கினியர், அப்பாட்டைப் புறத்திணையின்பாற் படுத்தினார். ஒரு மனிதனின் அந்தரங்கத்தை வெளிப்படுத்துவதற்கு அவனுடைய சொற்கள் தேவையில்லை. அவனைச் சுட்டும் ஓர் அடையாளம் போதும் என்பதை அம்மரபு நன்கு உணர்ந்திருந்தது.

இந்த உண்மையை அண்மைக் காலத்தில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் வேறொரு வழியில் கண்டடைந்தன. ஒருவர் தொலைபேசியில் என்ன பேசினார் என்பதைப் பதிவு செய்யாமல், யாரோடு பேசினார், எப்போது பேசினார், எவ்வளவு நேரம் பேசினார், எங்கிருந்து பேசினார் என்பவற்றை மட்டும் சேமித்து வைத்தால் அதில் தீங்கு உண்டா என்பதே அந்நீதிமன்றங்களின் முன் நின்ற வினா. அவ்வினா எழுந்த வரலாற்றையும், அதற்குக் கிடைத்த விடையையும், அந்த விடையோடு முடிந்துவிடாத சிக்கல்களையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பட்டியலுக்குத் தீ வைத்த கலைஞர்கள்

அந்தரங்க உரிமையில் ஐரோப்பா காட்டும் அக்கறை வெறும் சட்ட நுணுக்கத்திலிருந்து பிறந்தது அன்று. அதன் பின்னே ஒரு பேரழிவின் நினைவு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே நெதர்லாந்து நாட்டில் மக்கள்தொகைப் பதிவேடு மிகச் செம்மையாகப் பேணப்பட்டு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றோடு சமயம் என்னும் ஒரு கட்டமும் இருந்தது. நல்லாட்சிக்காக நல்லெண்ணத்தோடு தொகுக்கப்பட்ட ஏடு அது. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் நாஜிப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது அந்த ஏடும் அவர்கள் கைக்குப் போயிற்று. அட்டையில் எழுதப்பட்டிருந்த ஒற்றைச் சொல் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கோடாக மாறியது. அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

1943ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இரவு, ஆம்ஸ்டர்டாம் நகரின் மக்கள்தொகைப் பதிவகத்திற்குள் காவலர் உடையில் ஒரு சிறு குழு நுழைந்தது. அக்குழுவை நடத்தியவர்களுள் ஒருவர் கெரிட் வான் டெர் வேன், அவர் சிற்பி. மற்றொருவர் வில்லெம் அரோண்டேயஸ். அவர் ஓவியரும் எழுத்தாளரும் ஆவார். திட்டத்திற்குத் துணை நின்றோருள் அச்சுக்கலை வடிவமைப்பாளரான வில்லெம் சாண்ட்பெர்க்கும் இருந்தார். அவர்கள் வாயிற்காவலர்க்கு மயக்க ஊசி போட்டுப் பாதுகாப்பாக வெளியே கொண்டு கிடத்திவிட்டு, அட்டைகளைக் குவித்துத் தீ வைத்தனர். எந்த உயிருக்கும் தீங்கு நேராமல், தாளுக்கு மட்டும் தீங்கு நேர வேண்டும் என்பதே அவர்தம் எண்ணம்.

அட்டைகளில் ஒரு பகுதியே எரிந்தது. சில நாள்களில் குழுவினருள் பலர் பிடிபட்டனர். 1943 ஜூலை 1ஆம் நாள் அரோண்டேயஸ் உள்ளிட்ட பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வான் டெர் வேன் மறுவருடம் அதே முடிவை எய்தினார். ஹேக் நகரில் இருந்த அடையாள அட்டைப் படிகளை அழிப்பதற்காக 1944 ஏப்ரல் 11 அன்று பிரித்தானிய விமானப்படை அந்தக் கட்டடத்தின் மீது குண்டு வீச வேண்டியதாயிற்று. அதில் அங்குப் பணிபுரிந்த அலுவலர் பலர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது ஒன்று. ஒரு பட்டியலைத் தொகுப்பவனும் அதைப் பயன்படுத்துபவனும் ஒருவனாகவே இருப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தொகுக்கும்போது ஆட்சி நல்லதாக இருக்கலாம், ஆட்சி மாறும், பட்டியல் மாறாது. தொகுக்கப்பட்ட பின் அதை அழிப்பதற்குக் கலைஞர்கள் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விமானப்படையும் தேவைப்பட்டது.

சட்டம் கண்ட வளர்ச்சி

போர் முடிந்தபின், 1950 நவம்பர் 4 அன்று ரோம் நகரில் கையொப்பமான ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை தன் எட்டாம் விதியில் தனிவாழ்வு, குடும்ப வாழ்வு, இல்லம், கடிதத் தொடர்பு ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து, அவற்றை மதிக்கப் பெறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்றது. கடிதம் இல்லத்துக்கு இணையாக வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. பூட்டிய கதவுக்குரிய மரியாதை ஒட்டிய உறைக்கும் உண்டு என்பது அதன் பொருள்.

கணிப்பொறி வந்தபோது பட்டியலின் இயல்பே மாறியது. அட்டைகளைப் புரட்டுவதற்கு ஆட்களும் நாள்களும் வேண்டும். கணிப்பொறிக்கு நொடிகள் போதும். இதனை முதலில் உணர்ந்து சட்டம் செய்தது மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலம். உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே 1970ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1973இல் ஸ்வீடன் நாடு முழுமைக்குமான சட்டத்தை இயற்றியது. 1981 ஜனவரி 28 அன்று ஐரோப்பிய மன்றம் இதற்கென ஒரு பன்னாட்டு உடன்படிக்கையைக் கையொப்பத்திற்கு வைத்தது.

இவ்வளர்ச்சியில் தலையாய இடம் பெறுவது, கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று வழங்கிய தீர்ப்பு. அவ்வாண்டு நடைபெறவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்துப் பொதுமக்கள் தொடுத்த வழக்கு அது. தன்னைப் பற்றிய செய்தியை எவர், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அவரவர்க்கே உரியது என்று நீதிமன்றம் அறிவித்தது. அதற்கு அது கூறிய காரணம் கவிஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. வழக்கத்திற்கு மாறான தன் நடத்தை எங்கேனும் குறித்து வைக்கப்படுகிறதோ என்று ஐயுறுபவன், பிறர் கண்ணில் படாதிருக்கத் தன் நடத்தையையே மாற்றிக்கொள்வான். கூட்டத்திற்குச் செல்வதைத் தவிர்ப்பான். சங்கத்தில் சேர்வதைத் தவிர்ப்பான். இது அவனுக்கு மட்டும் இழப்பு அன்று. குடிமக்களின் செயலாற்றலையும் பங்கேற்பையும் நம்பி நிற்கும் மக்களாட்சிக்கே இழப்பு. நீதிமன்றத்தின் கருத்துச் சாரம் இதுவே.

எவரும் தடுக்காமலேயே ஒருவன் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும் நிலை பற்றி ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகப் பேசியது குறிப்பிடத்தக்கது. தணிக்கை அதிகாரி அடித்த வரியைப் பின்னாளில் மீட்டுவிடலாம். எழுதப்படாமலே போன வரியை மீட்பார் எவருமில்லை.

2006ஆம் ஆண்டின் நெறியாணை

2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகரின் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 ஜூலை 7 அன்று இலண்டன் நகரின் சுரங்க இரயில்களிலும் பேருந்து ஒன்றிலும் நிகழ்ந்த தாக்குதலில் 52 பேர் உயிரிழந்தனர். இத்துயரங்களின் நிழலில் ஐரோப்பிய ஒன்றியம் விரைந்து ஒரு சட்டம் செய்தது. 2005 டிசம்பர் 14 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 378 பேர் ஆதரித்தும் 197 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, தரவு வைப்பு நெறியாணை ஏற்கப்பட்டது. 2006 மார்ச் 15 அன்று அது முறைப்படி இயற்றப்பட்டது.

இதன்படி, தொலைபேசி நிறுவனங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர் அனைவருடைய தொடர்புத் தரவுகளையும் ஆறு மாதத்திற்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமலும் சேமித்து வைக்க வேண்டும். அழைத்தவர் எண், அழைக்கப்பட்டவர் எண், நாள், நேரம், பேச்சின் நீளம், கைப்பேசி இயங்கிய இடம், மின்னஞ்சல் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பன அத்தரவுகள். பேசிய பேச்சையோ எழுதிய மடலையோ சேமிக்கலாகாது என்றும் நெறியாணை விலக்கியிருந்தது. உறையின் மேல் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்கிறோம். உறையைப் பிரிக்கவில்லையே என்பது ஆதரித்தவர்களின் வாதம்.

அகப்பாடல் உணர்வைச் சொல்லிப் பெயரை மறைக்கிறது. இந்நெறியாணையோ உணர்வை விட்டுவிட்டுப் பெயரைச் சேமித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது உண்மையில் மறைவாக இருக்க வேண்டியது என்பது விளங்கும். நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தவள் என்ன பேசினாள் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. புற்றுநோய் மருத்துவரையும், அடுத்து வழக்குரைஞரையும், அடுத்துப் பல்லாண்டாகப் பேசாத உடன்பிறந்தவனையும் ஒருவர் அழைத்தால், அம்மூன்று எண்களே ஒரு கதையைச் சொல்லிவிடும். உறையைப் பிரிக்காமலே கடிதம் படிக்கப்பட்டுவிடுகிறது.

ஒருவரின் ஆறு மாதங்கள்

இதனை வாதத்தால் அன்றி எடுத்துக்காட்டால் நிறுவியவர் மால்டே ஷ்பிட்ஸ். ஜெர்மானியப் பசுமைக் கட்சியின் தலைமைக் குழு உறுப்பினரான அவர், தம்மைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் சேமித்து வைத்திருந்த தரவுகளைக் கேட்டார். வழக்குத் தொடுத்த பின்னரே அவை கிடைத்தன. 2009 ஆகஸ்ட் இறுதி முதல் 2010 பிப்ரவரி இறுதி வரையிலான ஆறு மாதத்திற்கு 35,830 வரிகள் இருந்தன. 2011இல் அவர் அவற்றை ஜெர்மானிய வார இதழ் ஒன்றின் இணையப் பக்கத்தில் உலகறிய வெளியிட்டார். இதழாசிரியர் குழு அவற்றை ஒரு நிலப்படத்தில் பொருத்திக் காட்டியது.

படத்தில் ஒரு புள்ளி நகர்கிறது. அவர் தொடர்வண்டியில் ஏறுகிறார், இறங்குகிறார், ஓர் ஊரில் இரவு தங்குகிறார். எப்போது உறங்குகிறார், எப்போது விழிக்கிறார் என்பது தெரிகிறது. எந்த நேரத்தில் பேச விரும்புகிறார், எந்த நேரத்தில் அவரை அணுக இயலாது என்பது தெரிகிறது. அவர் பேசிய ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் ஒரு மனிதரின் அரையாண்டு வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. தம் அந்தரங்கத்தை ஒருமுறை தாமே திறந்து காட்டி, அது ஏற்கெனவே திறந்து கிடந்தது என்பதை மற்றவர்க்கு உணர்த்தினார் எனலாம்.

ஜெர்மனியில் எதிர்ப்பு வலுத்தது. அச்சத்திற்குப் பதில் சுதந்திரம் வேண்டும் என்னும் முழக்கத்தோடு பெர்லின் நகரில் ஊர்வலங்கள் நடைபெற்றன. ஏறத்தாழ 35,000 பேர் ஒன்றுசேர்ந்து அரசமைப்பு நீதிமன்றத்தை நாடினர். 2010 மார்ச் 2 அன்று அந்நீதிமன்றம், நெறியாணையை நடைமுறைப்படுத்த அந்நாடு இயற்றியிருந்த சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதற்கு முன்னரே 2009இல் ருமேனிய அரசமைப்பு நீதிமன்றமும், பின்னர் 2011இல் செக் நாட்டு அரசமைப்பு நீதிமன்றமும் தத்தம் நாட்டுச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தன. எனினும் மூல நெறியாணை அசையவில்லை. அதனைக் காலத்தில் நடைமுறைப்படுத்தத் தவறியமைக்காக 2013 மே மாதத்தில் ஸ்வீடனுக்கு 30 இலட்சம் யூரோ தண்டமும் விதிக்கப்பட்டது.

ஒரு கைப்பேசியின் மேல் நின்ற வழக்கு

மூல நெறியாணையையே அசைத்தது அயர்லாந்தில் தொடங்கிய ஒரு வழக்கு. ஒட்டுக்கேட்பின் கசப்பை அந்நாடு ஏற்கெனவே அறிந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜெரல்டின் கென்னடி, புரூஸ் ஆர்னல்டு என்னும் இரு இதழாளர்களின் தொலைபேசிகளை அரசு ஒட்டுக்கேட்டது. 1987இல் அயர்லாந்து உயர் நீதிமன்றம், தொலைபேசி உரையாடலின் அந்தரங்கம் அரசமைப்பு தரும் உரிமையே என்று அறிவித்து அவர்களுக்கு இழப்பீடு வழங்கியது.

டிஜிட்டல் ரைட்ஸ் அயர்லாந்து என்பது டப்ளின் நகரில் தொடங்கப்பட்ட ஒரு சிறிய அமைப்பு. அது 2006 ஆகஸ்ட் 11 அன்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்காட வருபவர் தமக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட வேண்டும் அல்லவா? அமைப்பு காட்டியது ஒரு கைப்பேசியை. 2006 ஜூன் 3 அன்று பதிவு செய்யப்பட்ட கைப்பேசி ஒன்று தனக்குச் சொந்தம் என்றும், அந்நாள் முதல் அதனைப் பயன்படுத்தி வருவதாகவும் அது தன் மனுவில் கூறியது. அவ்வளவே. கைப்பேசி வைத்திருப்பவர் எவரும் கண்காணிக்கப்படுபவரே என்னும் உண்மையை இதைவிட எளிதாகச் சொல்லிவிட இயலாது.

வழக்கு நீண்டது. 2012இல்தான் அயர்லாந்து நீதிமன்றம் லக்சம்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திற்குத் தன் வினாக்களை அனுப்பியது. அதே ஆண்டு ஆஸ்திரிய அரசமைப்பு நீதிமன்றமும் இதே வினாவை அனுப்பியது. அங்கே கேரிந்தியா மாநில அரசும், அதனோடு 11,130 குடிமக்களும் மனுதாரர்கள். இரு வழக்குகளும் இணைக்கப்பட்டு 2013 ஜூலை 9 அன்று விசாரணைக்கு வந்தன. அதற்கு முந்திய மாதம்தான் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க உளவுத்துறையின் பரந்த கண்காணிப்பை உலகிற்குக் காட்டியிருந்தன.

லக்சம்பர்க் தீர்ப்பு

2014 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. சட்டப் போராட்டம் அடிப்படை உரிமைகள் சாசனத்தின் இரு விதிகளைச் சுற்றி நிகழ்ந்தது. தனிவாழ்வையும் தகவல்தொடர்பையும் காப்பது ஏழாம் விதி. தனிமனிதத் தரவுகளைக் காப்பது எட்டாம் விதி. 2000 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட இச்சாசனம் லிஸ்பன் உடன்படிக்கை வழியாக 2009 டிசம்பர் 1 அன்றே சட்ட வலிமை பெற்றது. நெறியாணை இயற்றப்பட்டபோது இல்லாத வாள் ஒன்று, வழக்கு முடிவதற்குள் நீதிமன்றத்தின் கைக்கு வந்திருந்தது.

நீதிமன்றத்தின் ஆய்வு படிப்படியாகச் சென்றது. கொடிய குற்றங்களைத் தடுத்தல் என்னும் நோக்கம் நல்ல நோக்கமே என்பதை அது ஏற்றது. பேச்சின் உள்ளடக்கம் சேமிக்கப்படவில்லை என்பதையும் ஏற்றது. ஆயினும், இத்தரவுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒருவரின் அன்றாடப் பழக்கங்கள், வாழிடம், நடமாட்டம், உறவுகள், பழகும் வட்டங்கள் ஆகியவற்றை மிகத் துல்லியமாக அறியலாம் என்று கண்டது. பயன்படுத்துவோர்க்குத் தெரிவிக்கப்படாமலே தரவுகள் சேமிக்கப்படுவதால், தம் வாழ்வு இடையறாது கண்காணிக்கப்படுகிறது என்னும் உணர்வு மக்கள் மனத்தில் தோன்றக்கூடும் என்றும் கூறியது. 1983இல் கார்ல்ஸ்ரூவில் ஒலித்த குரல் இங்கே மீண்டும் ஒலிக்கக் காண்கிறோம்.

அடுத்து, நோக்கத்திற்கும் வழிக்கும் அளவு பொருந்துகிறதா என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. பொருந்தவில்லை என்பதற்கு அது காட்டிய காரணங்கள் பல. ஐரோப்பிய மக்கள் ஏறத்தாழ அனைவரும், குற்றத்தோடு எத்தொடர்பும் இல்லாதவரும், இதற்குள் அடங்குகின்றனர். தொழில்முறையில் மறைபொருள் காக்கக் கடமைப்பட்டோர்க்கும் விலக்கு இல்லை. தரவைக் கேட்டுப் பெறுமுன் ஒரு நீதிமன்றமோ தற்சார்புள்ள அமைப்போ அனுமதி தர வேண்டும் என்னும் விதி இல்லை. ஆறு மாதமா, இரண்டு ஆண்டா என்பதற்கு அளவுகோல் இல்லை. தரவுகள் ஒன்றியத்தின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

நீதிமன்றத்தின் சட்ட ஆலோசனையாளர் பெத்ரோ குரூஸ் வில்லலோன், நெறியாணை சாசனத்தோடு பொருந்தாது என்று கருதினாலும், திருத்தம் செய்யக் கால இடைவெளி தரலாம் என்று பரிந்துரைத்திருந்தார். நீதிமன்றம் அந்த இடைவெளியைத் தரவில்லை. நெறியாணை பிறந்த நாள் முதலே செல்லாததாயிற்று. மறுநாளே ஸ்வீடன் நாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்று, இனித் தரவுகளைச் சேமிக்கப் போவதில்லை என்று தன் அரசுக்கு அறிவித்தது. தரவுகளைச் சேமிக்கத் தாமதித்தமைக்காகத் தண்டம் கட்டிய நாட்டில், தரவைச் சேமிப்பதே உரிமை மீறல் என்றாயிற்று.

வென்றபின் எழும் வினாக்கள்

இங்கே உரையை முடித்துவிட்டால் அது வெற்றிப் பரணியாக அமையும். ஆனால் வரலாறு முழுமை பெறாது.

தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே, 2014 ஜூலையில், பிரித்தானிய நாடாளுமன்றம் சில நாள்களுக்குள் புதிய தரவு வைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2016 டிசம்பர் 21 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், அனைவருடைய தரவுகளையும் வேறுபாடின்றிச் சேமிக்கும் உள்நாட்டுச் சட்டங்களும் ஏற்கத்தக்கன அல்ல என்றது. அரசுகள் மீண்டும் மீண்டும் அதே வாயிலுக்கு வந்தன. 2020 அக்டோபர் 6ஆம் நாள் தீர்ப்பில், நாட்டின் பாதுகாப்பிற்கு உண்மையான கடும் அச்சுறுத்தல் இருக்கும்போது வரையறுத்த காலத்திற்கு அத்தகைய சேமிப்பை அனுமதிக்கலாம் என்று வாயில் சற்றே திறந்தது. 2024 ஏப்ரல் 30 அன்று, நகலுரிமை மீறலைக் கண்டறிவதற்கும் இணைய முகவரியைக் கொண்டு ஆளை அறியலாம் என்று, நிபந்தனைகளோடுதான் எனினும், மேலும் சற்றுத் திறந்தது. மாட்ரிட் குண்டுவெடிப்பின் பெயரால் தொடங்கிய வாதம், இருபது ஆண்டுக்குள், பாட்டும் படமும் திருடப்படுவதன் பெயராலும் நடைபெறும் நிலைக்கு வந்தமை சிந்தனைக்குரியது.

மற்றொரு வினா இதனினும் கடுமையானது. அயர்லாந்தில் 2012இல் ஒரு பெண் கொலையுண்டார். குற்றவாளிக்கு 2015இல் தண்டனை கிடைத்தது. அவ்வழக்கில் கைப்பேசித் தரவுகள் முக்கியச் சான்றாக இருந்தன. அவை, அந்த நெறியாணையை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்ச் சேமிக்கப்பட்டவை. சட்டத்தின் மூலமே செல்லாதபோது சான்று எவ்வாறு செல்லும் என்று தண்டிக்கப்பட்டவர் வாதிட்டார். 2022 ஏப்ரல் 5 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், கொலை போன்ற கொடுங்குற்றத்திற்காகவும் அனைவர் தரவையும் முன்கூட்டியே சேமித்தல் ஆகாது என்று மீண்டும் உறுதிபடக் கூறியது. சான்றை ஏற்பதா என்பதை அயர்லாந்து நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. அவை சான்றை ஏற்றன; 2024இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளியது.

அந்தரங்க உரிமைக்காக வாதிடுவோர் இவ்வழக்கைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளலாகாது. கொலையுண்டவளின் பெற்றோர் முன் நின்று, அந்தச் சான்று இல்லாமலே போயிருக்கலாம் என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு? உரிமையின் விலை சில வேளைகளில் குற்றமற்ற ஒருவர் தலையில் விழும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் விலை உண்டு. ஐயத்திற்கு இடமானவரைப் பின்தொடர்வது வேறு. ஒருநாள் ஐயம் எழக்கூடும் என்பதற்காக அனைவரையும் இன்றே குறித்துவைப்பது வேறு. முன்னதில் அரசு காரணம் காட்ட வேண்டும். பின்னதில் குடிமகன் பிறப்பதே காரணமாகிவிடுகிறது. லக்சம்பர்க் நீதிமன்றம் வகுத்த எல்லை இவ்விரண்டிற்கும் இடையில்தான் இருக்கிறது. குற்றத்தைத் துப்பறிய வேண்டாம் என்று அது கூறவில்லை. குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட காலம் என்று அளவுபடுத்திக்கொள்க என்றே கூறியது.

இவ்வெல்லை இப்போது உறையின் உள்ளேயும் சோதிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டறியும் பொருட்டுத் தனிமடல்களையும் கணிப்பொறி கொண்டு ஆராயும் கட்டளைகளுக்கு வழிசெய்யும் சட்ட முன்மொழிவு ஒன்றை ஐரோப்பிய ஆணையம் 2022 மே 11 அன்று வெளியிட்டது. அனுப்புநரும் பெறுநரும் அன்றிப் பிறர் படிக்கவியலாதவாறு மறையாக்கம் செய்த மடல்களுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று நாடாளுமன்றம் 2023 நவம்பரில் தன் நிலைப்பாட்டை வகுத்தது. குழந்தைகளைக் காத்தல் என்னும் நோக்கத்தை எதிர்ப்பார் எவருமில்லை. ஆயினும் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கவனமாக வழியை ஆராய வேண்டும் என்பதே 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு விட்டுச்சென்ற பாடம். 2006இலும் நோக்கம் உயர்ந்ததாகவே இருந்தது.

கவிஞர்க்கு இதில் உள்ள பங்கு

சட்டமும் நெறியாணையும் பற்றிய இச்செய்திகளை ஓர் இலக்கிய வட்டத்தில் பேச வேண்டிய தேவை என்ன என்று எவரேனும் வினவலாம்.

ஆம்ஸ்டர்டாம் பதிவகத்திற்குத் தீ வைத்தோர் படைத்தலைவர்கள் அல்லர். சிற்பியும் ஓவியரும் எழுத்தாளருமே முன்னின்றனர். அட்டையில் எழுதப்பட்ட ஒரு சொல் என்ன செய்யும் என்பதைச் சொல்லையும் உருவத்தையும் தொழிலாகக் கொண்டோர் மற்றவரினும் முன்னதாக உணர்ந்தார்கள் போலும். அயர்லாந்தின் முதல் வழக்கிலும் எழுதுவோரே பாதிக்கப்பட்டனர். செய்தி தருபவரின் பெயரை மறைக்க இயலாத இதழாளருக்குச் செய்தி வாராது. படிப்பவரின் பெயர் குறித்துவைக்கப்படும் நூலகத்தில் சில நூல்கள் எடுக்கப்படாமலே கிடக்கும். எந்தக் கவிஞர் எந்தக் கூட்டத்திற்குச் சென்றார், எவருக்கு நள்ளிரவில் எழுதினார் என்பது ஓர் ஏட்டில் சேர்ந்துகொண்டே இருக்குமாயின், அவர் எழுதுவதை எவரும் தடுக்க வேண்டியதில்லை, அவரே தயங்குவார்.

அகம் என்னும் சொல்லுக்கு உள்ளம் என்றும் வீடு என்றும் பொருள் உண்டு. ஐரோப்பிய உடன்படிக்கையின் எட்டாம் விதி தனிவாழ்வையும் இல்லத்தையும் கடிதத்தையும் ஒரே தொடரில் வைத்ததை இச்சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உள்ளமும் வீடும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றன் கதவு திறந்து கிடந்தால் மற்றொன்றும் காவல் இழக்கும்.

டப்ளின் நகரில் சிலர், ஒரே ஒரு கைப்பேசியைக் காட்டி, ஒரு கண்டம் முழுமைக்குமான சட்டத்தை வினவினர். விடை கிடைக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. கிடைத்த விடையையும் ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முன்மொழிவு எந்த நல்ல நோக்கத்தின் பெயரால் வந்தாலும், அதில் குறிக்கப்படப் போகிறவர் யார், குறிப்பது எதற்காக, குறித்த ஏடு நாளை எவர் கையில் இருக்கும் என்னும் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். அவற்றைத் தளராமல் கேட்போர் இருக்கும் வரையில் அகம் அகமாகவே இருக்கும்.